ஐந்து மைல் சம்மன்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு ஐந்து மைல். காலையில் பழையது குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ரயிலில் ஏறினாலோ உட்கார இடம் பார்ப்பதற்குள் இறங்கவேண்டும். அந்த ஐந்து மைலை ஒரு கோர்ட்டுக் காகிதத்தால் கடக்க முடியவில்லை என்று சொன்னால் இப்போது உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குச் செங்கோட்டை திருவாங்கூர் மகாராஜா சீமை. தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரன் சீமை. இங்கே ஒரு காசு, அங்கே ஒரு காசு. இங்கே ஒரு கோர்ட்டு, அங்கே ஒரு கோர்ட்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போவதும் எல்லாம் தாராளமாக நடந்தது. மழை மேகம்கூட அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. காகிதம் மட்டும் வராது, போகாது.

குற்றாலம் போகிற பாதையில் எங்கள் அப்பா எனக்கு ஒரு தோப்பு எழுதிக் கொடுத்திருந்தார். மாவும் தென்னையும், நாலைந்து பலா, நடுவில் இரண்டு அறை வைத்த ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "என் மக இன்னொருத்தி அடுப்படியில போய் நிக்கக் கூடாது" என்று சொல்லி, ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்த் தானப் பத்திரம் எழுதினார். ஐந்து வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

பதினாறாம் நாள் பந்தி எடுத்த கையோடு என் பெரியப்பா மகன் கேஸ் போட்டார். தோப்பு பொதுச் சொத்தாம், சித்தப்பா எழுதவே இல்லையாம், பத்திரமே பொய்யாம். கேஸ் முடிகிறவரை இரண்டு பேரும் தோப்பில் ஒரு காய்கூடப் பறிக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. மாங்காய் பழுத்து, விழுந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியில் பார்க்கிறவர்களிடம் அண்ணன் பேசுவது வேறு மாதிரி. "அவ என்ன அந்நியமா? பிள்ளையக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்ல வந்து இருக்கட்டும். ஒரு வாய்ச் சோறு நமக்குப் பாரமா?" என்பார். அந்த ஒரு வாய்ச் சோறு எனக்குத் தெரியும். பதினோரு பேருக்கு அரைத்து, இடித்து, துவைத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற சோறு அது. என் மகள் அந்த வீட்டில் எச்சில் இலை எடுத்து வளர்வாள். தோப்பு போனால் எங்களுக்கு அதுதான் கதி. இதை நான் யாரிடமும் சொல்லி அழவில்லை. அழுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கேஸ் சுலபம் என்றுதான் வக்கீல் குமாஸ்தா சொன்னார். ஐம்பது வயது மனிதர், நல்லவர், வாயைத் திறந்தால் சட்டம். "பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் கோர்ட்டுல ஏறி, 'ஆமா, இவ அப்பா என் கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டாரு, நானும் போட்டேன்'னு சொல்லிட்டாப் போதும் தாயி. கேஸ் முடிஞ்சுது" என்றார்.

இரண்டு சாட்சியில் ஒருவர் செத்துப்போயிருந்தார். மற்றவர் எங்கள் அப்பாவின் சிநேகிதர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் இருந்தது செங்கோட்டையில்.

அவர் செங்கோட்டைக்குப் போனது ஒரு பாயசத்தால். தென்காசியில் பிறந்து வளர்ந்தவர். மகளையும் தென்காசியிலேயே கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் மறுவீட்டு விருந்து. பெண்ணைப் பெற்றவரை முதல் பந்தியில் உட்கார வைக்காமல் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். இரண்டாம் பந்தி வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோயிற்று. மாமா இலையை மூடினார், எழுந்தார், கை கழுவினார். "இந்த ஊர் மண்ண இனி மிதிக்க மாட்டேன்" என்றார். மூன்று மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு, மனைவி பிறந்த ஊரான செங்கோட்டைக்குக் குடிபோய்விட்டார். நாலு வருஷமாகத் தென்காசிப் பக்கம் தலை காட்டவில்லை.

நான் தேன்குழல் சுற்றி, வெற்றிலை வாங்கிக்கொண்டு வண்டி பிடித்துப் போனேன். எல்லையில் சுங்கச் சவுக்கை. அங்கே நின்ற சேவகன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். புகையிலை கடத்துகிறேனா என்று தேன்குழலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். ஒன்றை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டான். "சரி, போ" என்றான்.

மாமா வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தேன்.

"எவன் பொய்ப் பத்திரம்னு சொல்லுதான்?" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். "உங்கப்பன் எனக்கு வலப்பக்கம் இருந்தான். மைக்கூட்ட அவன்தான் நகத்திக் கொடுத்தான். நான் போட்ட கையெழுத்து அது. என் பேர்ல உள்ள கொம்பு காலு எல்லாம் நாந்தான் சுழிச்சேன்."

"இத வந்து சொல்லுங்க மாமா. அது போதும்."

"எங்கன வந்து?"

"தென்காசி கோர்ட்டுல."

மாமா உட்கார்ந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அத்தை உள்ளேயிருந்து, "சின்னப் பிள்ள சோத்துக்கு வழியில்லாமப் போகப் போவுது, உங்களுக்குப் பாயசம் பெருசாப் போச்சோ?" என்று கேட்டாள்.

"நீ உள்ள போட்டி" என்றார் மாமா. பிறகு என்னிடம், "ஏட்டி, நானா வந்தா நான் சொன்ன சொல்லு போச்சு. சர்க்கார் சம்மன் போட்டுக் கூப்பிட்டா அது வேற. அப்ப நான் போனதா ஆகாது. சர்க்கார் கொண்டு போனதா ஆகும். ஒரு சம்மன் அனுப்பச் சொல்லு. மறுநாளே வாரேன்" என்றார்.

அவர் காலில் விழுந்து கெஞ்சியிருந்தால் ஒருவேளை அன்றே வந்திருப்பார். பலரும் பிற்பாடு என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவர் சொல் அவருக்கு; என் முதுகு எனக்கு. சம்மன் ஒரு காகிதம்தானே, நாளைக்கே அனுப்பினால் போயிற்று என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

குமாஸ்தா தலையில் கைவைத்துவிட்டார்.

"நம்ம சம்மன் அங்க செல்லாது தாயி. அது அந்நிய ராஜ்யம்."

"நேத்து நான் அங்கன போய்ச் சாப்பிட்டுட்டு வந்தேனே அண்ணாச்சி."

"நீங்க போகலாம். சம்மன் போகப்படாது."

"அப்ப என் கையில குடுங்க. நானே கொண்டு போய்க் குடுக்கேன்."

"நீங்க கொடுத்தா அது சம்மன் இல்ல, வெறுங்காகிதம். கோர்ட்டு அமீனா கொடுக்கணும்."

"அமீனாவ வண்டியில கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சவுக்கையத் தாண்டினா அவன் அமீனா இல்ல, சும்மா ஆளு."

அந்த மனிதரைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டம் அப்படி. ஆனால் அன்றைக்கு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்கவேண்டும் போலத்தான் இருந்தது. தேன்குழல் போகலாம், வெற்றிலை போகலாம், நான் போகலாம், வண்டி மாடு போகலாம். ஒரு முழக் காகிதம் போகக்கூடாது.

இன்னொரு வழி உண்டு என்றார். நம் கோர்ட்டு அவர்கள் கோர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதும்: "உங்கள் ஊரில் உள்ள இன்னாரை விசாரித்து வாக்குமூலம் எழுதி அனுப்புங்கள்" என்று. அது நேராகப் போகாது. ஜில்லாவுக்குப் போய், மதராசுக்குப் போய், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கிருந்து மலையேறி இறங்கிச் செங்கோட்டைக்கு வரும். பதிலும் அதே வழி.

"ராமேஸ்வரம் வழியாப் போகாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விண்ணப்பம் போயிற்று. நான் அது வருகிற நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மாமாவுக்கு அல்ல, எங்களுக்கே. அவர்கள் பாஷையில் ஒரு நகல் வேண்டுமாம். நகல் எழுதி மறுபடி அனுப்பினோம். மறுபடி திரும்பிற்று. சாட்சியின் தகப்பனார் பெயர் விட்டுப்போயிற்றாம். இத்தனைக்கும் அந்தக் காகிதம் அலைந்துகொண்டிருந்தபோது நான் இரண்டு முறை செங்கோட்டை போய் வந்தேன். மாமா ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்து, "சம்மன் வந்துட்டாட்டி?" என்று கேட்பார். "வருது மாமா, திருவனந்தபுரத்துல இருக்கு" என்பேன். "நல்ல ஊர்தான். சாமி கும்பிட்டுட்டு வரட்டும்" என்பார்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை கறுத்தது, சாரல் விழுந்தது. அப்போது குமாஸ்தாவுக்கு ஒரு யோசனை.

"தாயி, உங்க மாமா குத்தாலத்துக்குக் குளிக்க வருவாரா?"

வருவார். வருஷா வருஷம் வருவார். செங்கோட்டையிலிருந்து தென்காசி ஊருக்குள் நுழையாமலே குற்றாலம் வர வழி உண்டு. குற்றாலம் சாமி ஊர், தென்காசிக் கணக்கில் வராது என்பது மாமாவுடைய சட்டம். ஆனால் வெள்ளைக்காரன் சட்டத்தில் வரும். அருவிக்கரையில் நிற்கிற மனிதனுக்கு அமீனா சம்மன் கொடுக்கலாம்.

அமீனா ஒரு நெட்டை மனிதன். எதற்கும் அவசரப்படுவான். சாட்சியை அவனுக்குத் தெரியாது. கட்சிக்காரர் அடையாளம் காட்டவேண்டுமாம். கட்சிக்காரர் நான். மாமா எந்த நாள் வருகிறார் என்று அத்தையிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அமீனாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற பாறைப் பக்கம் நான் போக முடியாது. தள்ளி நின்றுதான் பார்க்கவேண்டும். அங்கே நாற்பது ஐம்பது பேர், இடுப்பில் ஒரு துண்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய். எல்லாரும் ஒரே நிறம், ஒரே மினுக்கு. எல்லாருக்கும் தொந்தி. நான் மாமாவைத் தலைப்பாகையும் சந்தனப் பொட்டும் இல்லாமல் பார்த்ததே கிடையாது.

"யாரும்மா? சீக்கிரம் காட்டுங்க, மழ வருது" என்கிறான் அமீனா.

மாமாவுக்கு வழுக்கை என்று அத்தை சொன்ன ஞாபகத்தில் ஒருவரைக் காட்டினேன். அமீனா பாறையில் வழுக்கிக்கொண்டே போய், அவர் கையில் சம்மனைத் திணித்தான். அவர் யாரோ வெளியூர்ப் பண்ணையார். சாமி கும்பிட்டுக் குளிக்க வந்த இடத்தில் கோர்ட்டுக் காகிதமா என்று அவர் போட்ட கூச்சல் அருவிச் சத்தத்தை மிஞ்சிற்று. "எவ அவ? எந்தச் சிறுக்கி எனக்குச் சம்மன் குடுக்கச் சொன்னா?" எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர் எழுந்து, "ஏட்டி, நான் இங்கனல்லா இருக்கேன்!" என்று கையை ஆட்டினார். அவர்தான் மாமா.

அமீனா பண்ணையாரிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி மாமாவிடம் கொடுத்தான். மாமா முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வருஷமாகக் காத்திருந்த காகிதம் அல்லவா! எண்ணெய்க் கையோடு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று அமீனா இன்னொரு காகிதத்தை நீட்டினான். மாமா பேனாவைப் பிடித்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி விழுந்தது.

"குளிச்சிட்டு வந்து போடுதேன், கொஞ்சம் பொறும்."

"மழை வருது, பெரியவரே. ரேகையாவது வையும்" என்று சொல்லி அமீனா அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்திவிட்டான். எண்ணெயும் மையும் சேர்ந்து அது ஒரு நாவல்பழம் நசுங்கினதுபோல் விழுந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாமா கையில் இருந்த காகிதம் எண்ணெயில் ஊறி, எழுத்தெல்லாம் பரவிப்போயிற்று.

"என்னைக்கு வரணும்? ஒண்ணும் தெரியலயே" என்று மாமா கத்தினார்.

"ஆவணி பத்து!" என்று கத்திவிட்டு அமீனா ஓடினான்.

ஆவணி பத்தாம் தேதி நான் காலையிலேயே கோர்ட்டு வாசலில் நின்றேன். கேஸ் கூப்பிட்டார்கள். சாட்சி பெயரை மூன்று முறை கூவினார்கள். மாமா இல்லை.

அண்ணனுடைய வக்கீல் எழுந்தார். ரேகைக் காகிதத்தை எடுத்து முன்சீப் முன்னால் விரித்தார். "பத்திரத்தில் சாட்சி நெளிவு சுளிவோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதில் ஏன் ரேகை? இது கைநாட்டுக்காரன் எவனோ. அந்த அம்மாள் வேறொருவருக்குச் சம்மன் கொடுத்து அருவிக்கரையில் கலாட்டா ஆனது ஊருக்கே தெரியும்" என்றார். ஊருக்குத் தெரியும்தான். தேங்காய்க் கடை முதற்கொண்டு அந்தக் கதை போயிருந்தது. சம்மன் சரியாகச் சேரவில்லை, புதுச் சம்மன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்சீப் சொல்லி, தள்ளி ஒரு வாய்தா போட்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குமாஸ்தா மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடி வந்தார். "தாயி, உங்க மாமா கோர்ட்டு வாசல்ல வண்டியில உக்காந்திருக்காரு!"

போனேன். தலைப்பாகை, சந்தனப் பொட்டு, ஜரிகை அங்கவஸ்திரம். கல்யாணத்துக்கு வந்ததுபோல் வில்வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். கீழே இறங்கவில்லை.

"என்னட்டி, யாரையும் காணோம்? சர்க்கார் என்னக் கூப்பிட்டுட்டு எங்கன போச்சு?"

"மாமா, நேத்துல்லா உங்களைக் கூப்பிட்டாங்க!"

"நேத்து ஆவணி ஒம்பது. இன்னைக்குப் பத்து."

"இன்னைக்குப் பதினொண்ணு மாமா."

"உனக்குத் தேதி பாக்கத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? என் வீட்டுச் சுவத்துல மகாராஜா கலண்டர் தொங்குது. இன்னைக்குத்தான் பத்து."

குமாஸ்தா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. மாதம் பிறக்கிற கணக்கு இங்கே ஒரு மாதிரி, மலையாளக் கணக்கில் ஒரு மாதிரி. சில மாதம் இரண்டும் ஒன்றாகப் பிறக்கும். சில மாதம் அங்கே ஒரு நாள் பிந்திப் பிறக்கும். அந்த வருஷம் ஆவணி அப்படிப் பிறந்திருந்தது. எங்கள் ஊரில் பத்து முடிந்துபோன பிறகு மாமா ஊரில் பத்து. இரண்டு பேரும் சரி. கேடு தோப்புக்குத்தான்.

கோர்ட்டு ஆட்களிடம் குமாஸ்தா ஓடி ஓடிச் சொல்லிப் பார்த்தார். வந்திருக்கிறவரை உட்கார வைத்துக் கேட்டால் என்ன? கேட்க முடியாது. எதிர்க்கட்சி இல்லை, வாய்தா போட்டாயிற்று, அந்த நாளில் வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

"அந்த நாள்ல வாங்க மாமா" என்றேன்.

"சம்மன் உண்டா?"

"புதுசா எடுக்க நாலஞ்சு நாளாகும். அதுக்குள்ள நீங்க போயிருவீங்க, சாரலும் முடிஞ்சிரும். அடுத்த சாரல்லதான் குடுக்க முடியும்."

"அப்ப அடுத்த சாரல்ல வாரேன். சம்மன் இல்லாம வந்தா நானா வந்ததா ஆயிரும்" என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சட்டத்தின்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு அந்தத் தலைப்பாகையின்மேல் திரும்பியது. ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் இறங்கியிருப்பாரோ என்னவோ. நாக்கு எழவில்லை. என் மகள் தோப்பு வேலிக்கு வெளியே போய், பறிக்கக் கூடாத மரத்தில் தொங்குகிற மாங்காயை எண்ணி விளையாடுவாள். அவளை நினைத்துக்கூட என் நாக்கு எழவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

தை மாதத்தில் மாமா நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார் என்று சேதி வந்தது. சவுக்கைச் சேவகன் மூட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். மாமா கட்டிலில் சுருண்டு கிடந்தார். கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். மாமா பிழைக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனால் எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியும். அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மாமா அதையும் கண்டுகொண்டார். "பயப்படாதட்டி. கையெழுத்துப் போட்டவன் நான். சாரல் விழாம நான் எங்கயும் போக மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு இருமிக்கொண்டே இருந்தார். அத்தை என்னை முறைத்துப் பார்த்தாள். முறைக்க அவளுக்கு உரிமை உண்டு.

பிழைத்துக்கொண்டார். சாரல் விழுந்தது. இந்தத் தடவை நான் யாரையும் நம்பவில்லை. அமீனாவுக்கு முன்னாலேயே போய், வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் நின்றேன். மாமா வண்டியை விட்டு இறங்கினதும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், வெற்றிலைக் கடைப் பலகையில் உட்கார வைத்தேன்.

"எண்ணெயத் தொடாதீங்க மாமா. முதல்ல கையெழுத்து."

"அடேயப்பா, உங்கப்பன் அதிகாரம் அப்படியே இருக்கு" என்றார்.

போட்டார். கொம்பு, கால், சுழி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அமீனா தேதி சொல்ல வாயைத் திறந்தான். "தேதி வேண்டாம்வே, கிழமையச் சொல்லும்" என்றேன். வியாழன் என்றான். வருகிற வாரம் விட்டு அடுத்த வியாழன். இந்தச் சீமையில் வியாழக்கிழமையானால் அந்தச் சீமையிலும் வியாழக்கிழமைதான். போன வருஷம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் புத்தி இல்லை. அமீனாவுக்கு இல்லை, மாமாவுக்கு இல்லை, எனக்கும்தான் இல்லை. ஒரு வருஷம் அதற்குப் போயிற்று.

வியாழக்கிழமை மாமா கோர்ட்டில் ஏறினார். மூன்று கேள்வி கேட்டார்கள். இது உம் கையெழுத்தா? ஆமாம். பத்திரம் எழுதினவர் உம் கண்முன்னால் கையெழுத்துப் போட்டாரா? ஆமாம், வலப்பக்கம் இருந்தார். புத்தி தெளிவாக இருந்தாரா? உம்மைவிடத் தெளிவாக இருந்தார்.

அண்ணனுடைய வக்கீல் விடவில்லை. போன வருஷத்து ரேகையை எடுத்து நீட்டினார். "இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர் ஏன் பெருவிரலை வைத்தீர்?"

"ஓய், எண்ணெய் தேச்ச கையால பேனா பிடிச்சுப் பாத்திருக்கீரா?"

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்."

"அதத்தான் சொல்லுதேன். நீரு குத்தாலத்துக்கு வாரும், எண்ணெய் நான் வாங்கித் தாரேன். தேச்சுக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டும்."

முன்சீப்பே வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எல்லாம் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். இதற்காக இரண்டு வருஷம் அலைந்தோம். மாமா நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கோர்ட்டு வாசலில் அவர் மகளும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். மகள் தலையை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

தீர்ப்பு மறு மாதம் சொன்னார்கள். பத்திரம் செல்லும், தோப்பு என்னுடையது. குமாஸ்தா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தபாலில்தான் திருவனந்தபுரம் விண்ணப்பம் மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது, தெருப் பெயர் வேண்டுமாம் என்று சொல்லிக் காட்டினார். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்தால் மழை. குற்றாலம் போகிற பாதையில் ஒரே ஒரு ஜட்கா நின்றது. நான் ஏறிய பிறகு அண்ணனும் வந்தார். வேறு வண்டி கிடையாது. அவர் வீடும் அந்த வழிதான். கொஞ்ச நேரம் மழையில் நின்றார். பிறகு ஏறி எதிரில் உட்கார்ந்தார். நனைந்த மேல்துண்டை வெளியே பிழிந்தார்.

"தங்கச்சி, அப்பீலுக்குப் போகலாம்னு வக்கீல் சொல்லுதாரு" என்றார்.

"போங்கண்ணே. ஆனா சீக்கிரம் போங்க. சாட்சிக்கு எழுபத்தாறு வயசு. அவர மறுபடி கூப்பிடணும்னா திருவனந்தபுரத்துக்கு எழுதணும். இல்லாட்டி அடுத்த சாரல் வரைக்கும் இருக்கணும். அருவிக்கரையில நீங்கதான் அடையாளம் காட்டணும். இனி எனக்கு முடியாது."

அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். தோப்பு வாசல் வந்ததும் வண்டிக்காரனிடம், "இங்கன நிறுத்துலே, தங்கச்சி இறங்கட்டும்" என்று அவர்தான் சொன்னார்.

அப்பீலுக்கு அவர் போகவில்லை. பாசம் வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இரண்டு வருஷம் அவரும் என்னோடு சேர்ந்துதான் அந்தக் கோர்ட்டு வாசலில் நின்றார். அவருக்கும் கால் வலித்திருக்கும்.